ஒட்டாவாவிலிருந்து கிரீஸ் ஃபியோர்டு: தூரமும் பயண நேரமும்

வாசகர் கேள்வி பதில்

கனடாவின் வடகோடி ஊர்களுக்குச் செல்லும் விமானப் பயணம் குறித்து வந்த கேள்விகள் ஒன்றோடொன்று தொடர்புடையவை. ஆகவே அவற்றுக்கான பதில்கள் இந்த இதழில் ஒரே இடத்தில் இடம்பெறுகின்றன.

கேள்வி: என் மகள் செவிலியர். நுனாவுட் பிரதேசத்தில் உள்ள கிரீஸ் ஃபியோர்டு என்னும் சிற்றூரில் அவளுக்கு ஓராண்டுப் பணி கிடைத்திருக்கிறது. ஒட்டாவாவிலிருந்து அந்த ஊர் 3,475 கிலோமீட்டர் தொலைவில் இருப்பதாகவும், விமானத்தில் 4 மணி 50 நிமிடங்களில் போய்விடலாம் என்றும் தூரம் கணக்கிடும் செயலி ஒன்று காட்டுகிறது. பயணச்சீட்டு ஏற்பாடு செய்பவரோ இரண்டு நாட்களாவது ஆகும், மேலும் ஓரிரு நாட்களைக் கையிருப்பில் வைத்துக்கொள்ளுங்கள் என்கிறார். இருவரில் யார் சொல்வதை நம்புவது?
– ஒரு வாசகி, ஒட்டாவா

பதில்: பயண ஏற்பாட்டாளர் சொல்வதை நம்புங்கள். செயலி காட்டும் தூரத்தில் பிழை இல்லை. அது காட்டும் நேரத்தில்தான் சிக்கல் இருக்கிறது. அந்த நேரம் எப்படி வந்தது என்று பார்த்தால், ஏன் அதை நம்பிப் பயணத்தைத் திட்டமிடக் கூடாது என்பது விளங்கிவிடும்.

இத்தகைய செயலிகள் இரண்டு ஊர்களின் அட்சரேகை, தீர்க்கரேகை எண்களை எடுத்துக்கொண்டு, பூமியின் வளைந்த மேற்பரப்பில் அவற்றை இணைக்கும் மிகக் குறுகிய பாதையான பெருவட்டப் பாதையின் நீளத்தைக் கணக்கிடுகின்றன. பிறகு அந்த நீளத்தை ஜெட் விமானத்தின் சராசரி வேகமாக மணிக்கு ஏறத்தாழ 800 கிலோமீட்டரால் வகுத்து, மேலேறுவதற்கும் கீழிறங்குவதற்குமாக அரை மணி நேரம் கூட்டுகின்றன. 3,475 கிலோமீட்டரை 800 கிலோமீட்டரால் வகுத்தால் 4 மணி 20 நிமிடம் வரும். அரை மணியைச் சேர்த்தால் உங்கள் செயலி காட்டிய 4 மணி 50 நிமிடம் கிடைத்துவிடும். இரு முனைகளிலும் ஜெட் விமானம் இறங்கக்கூடிய ஓடுபாதை இருக்கிறது, இடையில் எங்கும் நிற்க வேண்டியதில்லை, நினைத்த நாளில் விமானம் கிளம்பும் என்பவை அந்தக் கணக்கு சொல்லாமலே எடுத்துக்கொள்ளும் அனுமானங்கள். கிரீஸ் ஃபியோர்டைப் பொறுத்தவரை இவற்றுள் ஒன்றுகூட உண்மையன்று.

உங்கள் மகள் செல்லப்போகும் பாதை மூன்று கட்டங்களைக் கொண்டது. முதற்கட்டம் ஒட்டாவாவிலிருந்து பாஃபின் தீவில் உள்ள நுனாவுட்டின் தலைநகரான இக்கலூயிட் வரை, ஏறத்தாழ 2,100 கிலோமீட்டர். ஜெட் விமானத்தில் சுமார் மூன்று மணி நேரம். இரண்டாம் கட்டம் இக்கலூயிட்டிலிருந்து கார்ன்வாலிஸ் தீவில் உள்ள ரெசொல்யூட் வரை, 1,575 கிலோமீட்டர். வடக்கின் உள்ளூர்த் தடங்களில் பெரும்பாலும் பறப்பவை ஏடிஆர் 42 போன்ற டர்போப்ராப் (சுழல்விசிறியால் இயங்கும்) விமானங்கள் என்பதால் மணிக்கு 500 கிலோமீட்டர் அளவில் கணக்கிட வேண்டும்; பறக்கும் நேரமே மூன்று மணிக்கு மேல் போகும். மூன்றாம் கட்டம் ரெசொல்யூட்டிலிருந்து எல்ஸ்மியர் தீவின் தென்கரையில் உள்ள கிரீஸ் ஃபியோர்டு வரை, 385 கிலோமீட்டர். இதற்கு இரட்டை எஞ்சின் கொண்ட ட்வின் ஆட்டர் என்னும் சிறிய விமானம் பயன்படுகிறது. அது மணிக்கு 280 கிலோமீட்டர் அளவில் பறந்து ஏறத்தாழ ஒன்றரை மணி நேரத்தில் போய்ச் சேரும்.

மூன்றையும் கூட்டினால் தூரம் சுமார் 4,060 கிலோமீட்டர். செயலி காட்டியதைவிட இது 580 கிலோமீட்டர் அளவுக்கு அதிகம். வானில் இருக்கும் நேரம் மட்டும் எட்டு மணியை நெருங்கும், சில வேளைகளில் தாண்டும்.

இரண்டாம் கட்டத்தில் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். இக்கலூயிட்டிலிருந்து ரெசொல்யூட் செல்லும் விமானம் வழியில் ஆர்க்டிக் பே என்னும் ஊரில் இறங்கிச் சென்றால், தூரம் ஏறக்குறைய மாறுவதே இல்லை. இக்கலூயிட்–ஆர்க்டிக் பே 1,221 கிலோமீட்டர், ஆர்க்டிக் பே–ரெசொல்யூட் 361 கிலோமீட்டர், கூட்டினால் 1,582. நேர்ப்பாதையைவிட 7 கிலோமீட்டர்தான் கூடுதல். ஆனால் உயரத்திலிருந்து இறங்கி, ஆட்களையும் சரக்கையும் இறக்கி ஏற்றி, வேண்டுமானால் எரிபொருளும் நிரப்பி, மீண்டும் மேலேறுவதற்குள் முக்கால் மணி முதல் ஒரு மணி வரை கழிந்துவிடும். தூரத்தை மட்டும் பார்ப்பவர் கண்ணுக்கு இந்த இழப்பு தென்படவே தென்படாது.

இவை எல்லாவற்றையும்விட முக்கியமானது இணைப்பு. கிரீஸ் ஃபியோர்டுக்கு அன்றாடம் விமானம் கிடையாது. வாரத்தில் சில நாட்களில் மட்டுமே சேவை உண்டு. இக்கலூயிட்டிலிருந்து வரும் விமானம் பனிப்புயலால் ஒரு நாள் தாமதமாகி ரெசொல்யூட் வந்து சேர்வதற்குள் சிறிய விமானம் கிளம்பிவிட்டால், அடுத்த சேவை நாள் வரை காத்திருப்பதைத் தவிர வழியில்லை. ஒரே ஒரு தாமதம் இப்படி மூன்று நாட்களாக வளர்ந்துவிடுகிறது. அதனால்தான் வடக்கே வாழ்பவர்கள் பயணத்தை மணிக்கணக்கில் பேசுவதில்லை. உங்கள் மகள் பணியில் சேரும் நாளுக்குக் குறைந்தது நான்கைந்து நாட்கள் முன்பாகவே ஒட்டாவாவிலிருந்து கிளம்பட்டும். தங்கும் செலவுக்கான பணத்தையும், அன்றாடம் உட்கொள்ளும் மருந்துகளையும், இரண்டு நாள் மாற்று உடையையும் கைப்பையிலேயே வைத்துக்கொள்ளட்டும். பெட்டிகள் அவளுடன் ஒரே விமானத்தில் வரும் என்று எதிர்பார்க்க வேண்டாம். எடை கூடினால் சிறிய விமானத்தில் பெட்டிகள் பின்தங்கி அடுத்த நடையில் வருவது வழக்கம்.

கேள்வி: சுவரில் மாட்டும் உலக வரைபடத்தில் அளவுகோல் வைத்து அளந்து பார்த்தேன். ஒட்டாவாவுக்கும் இக்கலூயிட்டுக்கும் இடையே 8 சென்டிமீட்டர் இருந்தால், இக்கலூயிட்டுக்கும் கிரீஸ் ஃபியோர்டுக்கும் இடையே 10 சென்டிமீட்டர் வருகிறது. ஆனால் முதலாவது சுமார் 2,100 கிலோமீட்டர் என்றும் இரண்டாவது 1,500 கிலோமீட்டர் மட்டுமே என்றும் படித்தேன். நீளமான கோடு குறைந்த தூரத்தைக் காட்டுவது எப்படி?
– ஒரு கணித ஆசிரியர், டொராண்டோ

பதில்: நீங்கள் அளந்ததும் சரி, படித்ததும் சரி. உங்கள் சுவரில் இருப்பது, கெரார்டஸ் மெர்கேட்டர் 1569ஆம் ஆண்டில் கடலோடிகளுக்காக வரைந்த முறையில் அமைந்த வரைபடமாக இருக்க வேண்டும். திசைக் கோணங்கள் மாறாமல் இருப்பதற்காக, அந்த வரைபடம் துருவங்களை நோக்கிப் போகப் போக எல்லாவற்றையும் இழுத்துப் பெரிதாக்குகிறது. ஓர் அட்சரேகையில் அந்தப் பெருக்கம் எவ்வளவு என்பதை அறிய, ஒன்றை அந்த அட்சரேகையின் கோசைன் மதிப்பால் வகுத்தால் போதும். நிலநடுக்கோட்டில் ஒரு மடங்காக இருப்பது ஒட்டாவாவில் 1.4 மடங்கும், இக்கலூயிட்டில் 2.3 மடங்கும், கிரீஸ் ஃபியோர்டில் 4.3 மடங்கும் ஆகிவிடுகிறது. அதாவது ஒட்டாவாவின் அருகே ஒரு சென்டிமீட்டர் எத்தனை கிலோமீட்டரைக் குறிக்கிறதோ, கிரீஸ் ஃபியோர்டின் அருகே அதில் மூன்றில் ஒரு பங்கைத்தான் குறிக்கும். ஆகவே வடக்கே செல்லும் எந்தப் பயணத்துக்கும் இத்தகைய வரைபடத்தில் அளவுகோல் வைக்கக் கூடாது.

நீங்கள் கணித ஆசிரியர் என்பதால், மாணவர்கள் கையாலேயே போட்டுப் பார்க்கக்கூடிய ஒரு வழியையும் சொல்கிறேன். அட்சரேகையில் ஒரு பாகை எங்கும் ஏறத்தாழ 111 கிலோமீட்டர். தீர்க்கரேகையில் ஒரு பாகை நிலநடுக்கோட்டில் அதே 111 கிலோமீட்டராக இருந்து, வடக்கே செல்லச் செல்ல அட்சரேகையின் கோசைன் மதிப்புக்கு ஏற்பக் குறுகும்: ஒட்டாவாவில் 78 கிலோமீட்டர், இக்கலூயிட்டில் 49 கிலோமீட்டர், கிரீஸ் ஃபியோர்டில் வெறும் 26 கிலோமீட்டர். ஒட்டாவா விமான நிலையம் வடக்கு 45.3 பாகையிலும் மேற்கு 75.7 பாகையிலும் இருக்கிறது. இக்கலூயிட் வடக்கு 63.8, மேற்கு 68.6. வடக்கு நோக்கிய வேறுபாடான 18.5 பாகையைக் கிலோமீட்டராக்கினால் சுமார் 2,050. கிழக்கு நோக்கிய வேறுபாடான 7.1 பாகையை இரு ஊர்களுக்கும் நடுவான அட்சரேகையில் கணக்கிட்டால் சுமார் 460. இவ்விரண்டையும் செங்கோண முக்கோணத்தின் இரு பக்கங்களாக வைத்துக் கர்ணத்தைக் கண்டால் 2,100 கிலோமீட்டர் கிடைக்கும். கோள வடிவியல் சூத்திரத்தைக் கொண்டு முறையாகக் கணக்கிட்டால் வருவது 2,097. வித்தியாசம் மிகச் சிறியது.

ரெசொல்யூட்டுக்கும் கிரீஸ் ஃபியோர்டுக்கும் இடையே இதே முறையைச் செய்து பார்க்கச் சொல்லுங்கள். தீர்க்கரேகையில் 12 பாகை வேறுபாடு இருப்பதைக் கண்டு மாணவர்கள் ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல் இருக்கும் என்றுதான் முதலில் நினைப்பார்கள். அந்த உயரத்தில் 12 பாகை என்பது 335 கிலோமீட்டர்தான் என்று அவர்களே கண்டுபிடிக்கும்போது, பூமி உருண்டை என்பது பாடப்புத்தகத்து வாக்கியமாக இல்லாமல் கையில் பிடிபடும் உண்மையாகிவிடும்.

மிகத் துல்லியம் வேண்டுவோர் பூமி சரியான கோளம் அன்று என்பதையும் கருத வேண்டும். நிலநடுக்கோட்டில் அதன் ஆரம் 6,378 கிலோமீட்டர், துருவத்தில் 6,357 கிலோமீட்டர். கோளமாகக் கொண்டு செய்யும் கணக்கில் இதனால் அதிகபட்சம் அரை விழுக்காடு அளவுக்கே பிழை நேரும். பயணத் திட்டத்துக்கு அது பொருட்டே அன்று.

கேள்வி: இக்கலூயிட்டுக்கு ஜெட் விமானம் போகிறதென்றால் கிரீஸ் ஃபியோர்டுக்கும் போகலாமே? அல்லது ஒரு சாலையாவது போட முடியாதா?
– ஒரு வாசகர், மொன்றியல்

பதில்: சாலையைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். நுனாவுட்டில் மொத்தம் 25 ஊர்கள் இருக்கின்றன; அவற்றுள் எந்த இரண்டு ஊர்களுக்கும் இடையே சாலை இல்லை; நாட்டின் பிற பகுதிகளோடும் சாலைத் தொடர்பு இல்லை. பரப்பளவு ஏறத்தாழ 20 இலட்சம் சதுர கிலோமீட்டர். பெரும்பகுதி கடலால் பிரிக்கப்பட்ட தீவுகள். கிரீஸ் ஃபியோர்டும் ரெசொல்யூட்டும் வெவ்வேறு தீவுகளில் உள்ளன. இடையில் இருப்பது ஆண்டின் பெரும்பகுதி உறைந்து கிடக்கும் கடல்.

ஓடுபாதைக் கதை இன்னும் சுவாரசியமானது. இன்று வடக்கே விமானங்கள் எந்த ஊரில் மாறுகின்றன என்பதை அங்கே வாழும் மக்களின் தேவை தீர்மானிக்கவில்லை; ஏறத்தாழ 80 ஆண்டுகளுக்கு முன் இராணுவமும் வானிலைத் துறையும் எங்கே ஓடுபாதை அமைத்தன என்பதே தீர்மானித்தது. இக்கலூயிட்டின் ஓடுபாதை இரண்டாம் உலகப் போர்க்காலத்தில், 1942இல் தொடங்கி அமெரிக்க விமானப்படைக்காக அமைக்கப்பட்டது. இன்று அது 2,600 மீட்டர் நீளமுள்ள தார்ப்பாதை. ஏர்பஸ் ஏ380 விமானத்தையே கடுங்குளிர்ச் சோதனைக்காக 2006இல் அங்கே கொண்டுவந்து இறக்கினார்கள். ரெசொல்யூட்டில் 1947இல் கனடாவும் அமெரிக்காவும் சேர்ந்து வானிலை நிலையம் அமைத்தன; 1949இல் கனடிய விமானப்படைத் தளம் வந்தது; அதனால் அங்கே சுமார் 2,000 மீட்டர் நீளமுள்ள சரளைக்கல் ஓடுபாதை இருக்கிறது.

கிரீஸ் ஃபியோர்டுக்கு அப்படிப்பட்ட வரலாறு இல்லை. மலைகளுக்கும் கடலுக்கும் இடையே ஒடுங்கிக் கிடக்கும் அந்த ஊரின் ஓடுபாதை சுமார் 500 மீட்டர் நீளமே உள்ள சரளைக்கல் பாதை. பெரிய ஜெட் விமானம் நிற்பதற்கு அதைப் போல மூன்று மடங்கு வேண்டும். ட்வின் ஆட்டர் குறுகிய தூரத்தில் எழும்பவும் நிற்கவும் வடிவமைக்கப்பட்டது என்பதால்தான் அங்கே போக முடிகிறது. பாதையை நீட்டலாமே என்று கேட்பீர்கள். ஒருபுறம் மலை, மறுபுறம் கடல் என்றிருக்கும் இடத்தில் அது எளிதான வேலை அன்று. அத்துடன் காற்று மலையில் மோதிச் சுழலும் நாட்களில் பாதை எவ்வளவு நீளமாக இருந்தாலும் விமானி இறங்க மறுத்துவிடுவார், மறுப்பதுதான் சரியும்கூட.

கேள்வி: அப்படிப்பட்ட இடத்தில் மக்கள் ஏன் ஊர் அமைத்தார்கள்?
– ஒரு கல்லூரி மாணவி, வாட்டர்லூ

பதில்: இந்தக் கேள்வியை நேரடியாகக் கேட்டதற்கு நன்றி, ஏனெனில் இதற்குப் பதில் சொல்லாமல் தூரத்தைப் பற்றி மட்டும் பேசுவது அந்த மக்களுக்கு நியாயம் செய்வதாகாது. அவர்கள் தாமாக அங்கே ஊர் அமைக்கவில்லை. 1953இல் கனடா அரசு, கியூபெக் மாகாணத்தின் வடபகுதியில் உள்ள இனுக்ஜுவாக் என்னும் இடத்தில் வாழ்ந்த, ஆர்க்டிக் பழங்குடியினரான இனுயிட் குடும்பங்களைக் கப்பலில் ஏற்றி, சுமார் 2,000 கிலோமீட்டர் வடக்கே கொண்டுபோய் எல்ஸ்மியர் தீவிலும் ரெசொல்யூட்டிலும் இறக்கியது. பாஃபின் தீவின் வடக்கே உள்ள பாண்ட் இன்லெட் பகுதியிலிருந்தும் சில குடும்பங்கள் சேர்க்கப்பட்டன. வேட்டை வளம் மிகுந்த இடம் என்றும், பிடிக்காவிட்டால் இரண்டு ஆண்டுகளில் திரும்பி வரலாம் என்றும் அவர்களிடம் சொல்லப்பட்டது. திரும்பும் வாக்குறுதி காப்பாற்றப்படவில்லை. இனுக்ஜுவாக்கில் குளிர்காலத்திலும் சூரியனைப் பார்த்துப் பழகியவர்கள், நவம்பர் தொடக்கத்திலிருந்து பிப்ரவரி முற்பகுதி வரை சூரியனே எழாத இடத்தில் முதல் குளிர்காலத்தைக் கூடாரத்தில் கழித்தார்கள்.

ஆர்க்டிக் தீவுகளின் மீது தன் இறையாண்மையை நிலைநாட்ட அரசு இந்த மக்களைப் பயன்படுத்தியது என்ற குற்றச்சாட்டு நெடுங்காலம் இருந்துவந்தது. பழங்குடி மக்கள் தொடர்பான அரச ஆணையம் 1994இல் இந்த இடமாற்றம் குறித்துத் தனி அறிக்கை வெளியிட்டது. 2010 ஆகஸ்டில் கனடா அரசு முறைப்படி மன்னிப்புக் கேட்டது. இன்று அங்கே நூற்றுச் சொச்சம் பேர் வாழ்கிறார்கள். அவர்களில் பலருக்கு அதுவே பிறந்த ஊர், விட்டுப் போக விரும்பாத ஊர். ஒட்டாவாவிலிருந்து அவர்கள் இத்தனை தொலைவில் இருப்பது ஒட்டாவாவில் எடுக்கப்பட்ட ஒரு முடிவின் விளைவு. அங்கே நல்ல விமான சேவை வேண்டும் என்று அவர்கள் கேட்கும்போது அதைச் சலுகையாகக் கருதுவது தவறு.

கேள்வி: ரெசொல்யூட்டிலிருந்து பிற்பகல் 1:00 மணிக்குக் கிளம்பும் விமானம் கிரீஸ் ஃபியோர்டுக்கு 3:30க்குப் போய்ச் சேரும் என்கிறார்கள், திரும்பும்போது 4:00 மணிக்குக் கிளம்பி 4:30க்கே வந்துவிடுமாம். 385 கிலோமீட்டரை அரை மணியில் கடக்கும் சிறிய விமானம் உண்டா?
– ஒரு வாசகர், ஒட்டாவா

பதில்: கிடையாது. இரு ஊர்களும் வெவ்வேறு நேர மண்டலங்களில் இருக்கின்றன. ஒட்டாவா, இக்கலூயிட், கிரீஸ் ஃபியோர்டு மூன்றும் கிழக்கு நேரத்தைப் பின்பற்றுகின்றன. இடையில் வரும் ரெசொல்யூட் மட்டும் மத்திய நேரம், அதாவது ஒரு மணி பின்தங்கியது. அட்டவணையில் குறிக்கப்படுவது அந்தந்த ஊரின் உள்ளூர் நேரம் என்பதால் போகும்போது ஒரு மணி கூடியும், வரும்போது ஒரு மணி குறைந்தும் தெரிகிறது. இரண்டு முறையும் உண்மையான நேரம் ஒன்றரை மணிதான். ரெசொல்யூட்டில் இணைப்பு விமானத்துக்காகக் காத்திருப்பவர்கள் கைக்கடிகாரத்தை மாற்ற மறந்தால் சிக்கல் வரும்.

கேள்வி: எதிர்க்காற்று வீசினால் போகும்போது தாமதமாகும், திரும்பும்போது அதே காற்று பின்னாலிருந்து தள்ளும், ஆகவே போக வரச் சேர்த்துப் பார்த்தால் சரியாகிவிடும் அல்லவா?
– ஒரு வாசகர், மிசிசாகா

பதில்: ஆகாது. விமானத்தின் வேகம் என்று சொல்லப்படுவது அதைச் சூழ்ந்த காற்றைப் பொறுத்த வேகம். பயணியைக் கொண்டுபோய்ச் சேர்ப்பதோ தரையைப் பொறுத்த வேகம். மணிக்கு 280 கிலோமீட்டர் பறக்கும் விமானத்துக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில் எதிர்க்காற்று வீசினால் தரைவேகம் 230 ஆகிவிடும். 385 கிலோமீட்டருக்கு 1 மணி 40 நிமிடம் பிடிக்கும். திரும்பும்போது தரைவேகம் 330. நேரம் 1 மணி 10 நிமிடம். மொத்தம் 2 மணி 50 நிமிடம். காற்றே இல்லாத நாளில் இதே பயணம் போக வர 2 மணி 45 நிமிடத்தில் முடிந்திருக்கும். மெதுவாகப் போகும் திசையில் அதிக நேரம் செலவாவதால், எதிர்க்காற்று தரும் இழப்பைப் பின்காற்று முழுமையாக ஈடுசெய்வதில்லை. இது எந்த விமானத்துக்கும் பொருந்தும்.

சிறிய விமானத்துக்கு இந்தப் பாதிப்பு பெரிது. மணிக்கு 800 கிலோமீட்டர் பறக்கும் ஜெட் விமானம் அதே 50 கிலோமீட்டர் காற்றைச் சந்தித்தால், 2,100 கிலோமீட்டர் தூரமுள்ள ஒட்டாவா–இக்கலூயிட் தடத்தில் போவதற்கும் வருவதற்கும் இடையே 20 நிமிட வேறுபாடுதான் ஏற்படும். அதில் ஐந்தில் ஒரு பங்குகூட இல்லாத ரெசொல்யூட்–கிரீஸ் ஃபியோர்டு தடத்தில் சிறிய விமானத்துக்கு அந்த வேறுபாடு 30 நிமிடம்.

நிமிடக் கணக்கைவிட எரிபொருள் கணக்கு இங்கே முக்கியம். கிரீஸ் ஃபியோர்டுக்கு மேலே சென்றபின் இறங்க முடியாமல் போனால் பக்கத்தில் ஒதுங்குவதற்கு வேறு ஊர் இல்லை. ரெசொல்யூட்டுக்கே திரும்ப வேண்டியிருக்கும். ஆகவே போவதற்கும் வருவதற்கும் அதற்கு மேலும் போதுமான எரிபொருளை ஏற்றிக்கொண்டே கிளம்ப வேண்டும். எதிர்க்காற்று பலமாக இருக்கும் நாளில் எரிபொருள் கூடும். அந்த எடைக்கு ஈடாகப் பயணிகளோ பெட்டிகளோ குறைய வேண்டும். 19 பேர் வரை அமரக்கூடிய விமானத்தில் சிலர் மட்டுமே ஏற்றப்படுவதைக் கண்டு வியப்படைபவர்களுக்கு இதுவே விளக்கம்.

கேள்வி: கிமிரூட் என்னும் ஊர் இக்கலூயிட்டுக்கு மிக அருகில் இருப்பதால் அங்கே போவதில் தொல்லை இராது என்கிறார்கள். உண்மையா?
– ஒரு சமூகப் பணியாளர், ஒட்டாவா

பதில்: தூரம் 120 கிலோமீட்டர்தான், வானில் அரை மணியைச் சற்றே தாண்டும். ஆயினும் அந்த ஊரின் ஓடுபாதையும் மிகக் குறுகியது. மேடுபள்ளமான நிலத்துக்கு இடையே அமைந்தது. மேகம் தாழ்ந்தாலோ காற்றின் திசை மாறினாலோ விமானம் இரத்தாகும். குறுகிய பயணத்தில் நிச்சயமின்மையும் குறையும் என்று எண்ணுவது இயல்பு. ஆனால் நிச்சயமின்மை பிறப்பது இறங்கும் இடத்தில், பறக்கும் தூரத்தில் அன்று. ஒட்டாவாவிலிருந்து 2,100 கிலோமீட்டரை மூன்று மணியில் கடந்து வந்தவர், மீதமுள்ள 120 கிலோமீட்டருக்காக இக்கலூயிட்டில் நாட்கணக்கில் தங்க நேரலாம். குளிர்காலத்தில் உள்ளூர்வாசிகள் இதே தூரத்தை ஸ்நோமொபைலில் கடக்கிறார்கள். வழியறிந்த துணை இல்லாமல் புதியவர்கள் அதற்கு முயலவே கூடாது.

கேள்வி: அங்கே ஒருவருக்கு அவசர சிகிச்சை தேவைப்பட்டால் எவ்வளவு நேரத்தில் மருத்துவமனைக்குக் கொண்டுபோக முடியும்? முதல் கேள்வியைக் கேட்ட வாசகியின் மகளைப் போல வடக்கே பணிக்குச் செல்ல நானும் விண்ணப்பித்திருக்கிறேன்.
– ஒரு செவிலியர், ஹாமில்டன்

பதில்: நுனாவுட் முழுமைக்கும் மருத்துவமனை ஒன்றே ஒன்றுதான், இக்கலூயிட்டில் உள்ள கிக்கிக்தானி பொது மருத்துவமனை. பிற ஊர்களில் இருப்பவை செவிலியர்கள் நடத்தும் சுகாதார மையங்கள். கிரீஸ் ஃபியோர்டிலிருந்து இக்கலூயிட் நேர்ப்பாதையில் 1,500 கிலோமீட்டர். அங்கே செய்ய இயலாத சிகிச்சை என்றால் மேலும் 2,100 கிலோமீட்டர் கடந்து ஒட்டாவா வர வேண்டும். பாஃபின் பகுதி நோயாளிகள் ஒட்டாவாவுக்கும், ஹட்சன் விரிகுடாவின் மேற்குக் கரையில் உள்ள கிவாலிக் பகுதியினர் வின்னிபெக்குக்கும், மேற்கே கிட்டிக்மியொட் பகுதியினர் எல்லோநைஃபுக்கும் எட்மன்டனுக்கும் அனுப்பப்படுகிறார்கள்.

நேரத்தைக் கணக்கிடும்போது ஒரு கட்டத்தைப் பலர் விட்டுவிடுகிறார்கள்: விமானம் நோயாளி இருக்கும் ஊரில் காத்திருப்பதில்லை, அது முதலில் வந்து சேர வேண்டும். மணிக்கு 450 கிலோமீட்டர் பறக்கும் மருத்துவ விமானம் இக்கலூயிட்டிலிருந்து கிளம்புவதாகக் கொண்டால், 1,500 கிலோமீட்டர் வருவதற்கு ஏறத்தாழ மூன்றரை மணி நேரமாகும், திரும்புவதற்கு மீண்டும் அதே நேரமாகும். அழைப்பு வந்து விமானிகளும் மருத்துவக் குழுவும் தயாராகும் நேரம், நோயாளியை ஏற்றும் நேரம், எரிபொருள் நிரப்பும் நேரம் ஆகியவற்றைச் சேர்த்தால் வானிலை முழுக்க ஒத்துழைக்கும் நாளிலும் பத்து மணியை எட்டிவிடும். கிரீஸ் ஃபியோர்டின் குறுகிய ஓடுபாதையில் எல்லா விமானமும் இறங்க முடியாது என்பதால், ட்வின் ஆட்டரில் ரெசொல்யூட் வரை கொண்டுவந்து அங்கே வேறு விமானத்துக்கு மாற்ற வேண்டியும் வரலாம். பனிப்புயல் வீசினால் அத்தனை நேரமும் நோயாளியின் உயிர் அந்த ஊரில் இருக்கும் ஓரிரு செவிலியர்களின் கையில்தான்.

இதனால்தான் கருவுற்ற பெண்கள் பேறுகாலத்துக்குச் சில வாரங்கள் முன்பே குடும்பத்தைப் பிரிந்து இக்கலூயிட்டுக்கு வந்து தங்க வேண்டியிருக்கிறது. மூத்த குழந்தைகளை ஊரில் விட்டுவிட்டு வரும் தாய்மார்களின் மனநிலையை, அங்கே பணிக்குச் செல்லும் செவிலியர் முதல் வாரத்திலேயே புரிந்துகொள்ள வேண்டியிருக்கும்.

விண்ணப்பித்திருக்கும் தாங்கள் நேர்காணலில் சில விவரங்களைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்: அந்த ஊருக்கு வாரத்தில் எந்தெந்த நாட்களில் விமானம் வருகிறது, மருத்துவ விமானம் எங்கிருந்து கிளம்புகிறது, இரவிலும் இருள் மாதங்களிலும் அங்கே இறங்க முடியுமா, வானிலை மோசமாகும்போது தொலைபேசியில் ஆலோசனை சொல்ல மருத்துவர் எந்நேரமும் கிடைப்பாரா, உடன் பணியாற்றும் செவிலியர் விடுப்பில் போனால் மாற்று ஆள் வந்து சேர எத்தனை நாட்கள் ஆகும். பணியில் சேர்வது உறுதியானால், கனமான பொருட்களை விமானத்தில் கொண்டுபோக எண்ண வேண்டாம். கோடையில் கடற்பனி விலகும்போது கிரீஸ் ஃபியோர்டுக்கு ஆண்டுக்கு ஒரு முறை சரக்குக் கப்பல் போகிறது. மொன்றியல் பகுதித் துறைமுகங்களிலிருந்து அது கிளம்புவதற்குப் பல வாரங்கள் முன்பே பொருட்களைப் பதிவு செய்து ஒப்படைக்க வேண்டும், தவறினால் அடுத்த கோடைதான்.